காய் விட்டவர்கள் பழம் விடும்வரை

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன்கள் இருவர் ஒரு சைக்கிளுக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, இன்னொருவன் சட்டையில் பொத்தான் போயிற்று. இரண்டு அம்மாக்களும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். பேச்சு சைக்கிளில் தொடங்கி, யார் பிள்ளையை யார் எப்படி வளர்த்தார்கள் என்பதில் போய் நின்றது. மறுநாள் மாலை அதே சைக்கிளில் ஒருவன் மிதிக்க, ஒருவன் பின்னால் உட்கார்ந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் பேசிக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று.

பையன்களிடம் இருந்த ஓர் ஏற்பாடு அம்மாக்களிடம் இல்லை. சண்டை முடிந்ததும் சுண்டுவிரலை நீட்டிக் 'காய்' விட்டிருக்கிறார்கள். மறுநாள் இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டிப் 'பழம்' விட்டுவிட்டார்கள். எந்த விரல் என்பது ஊருக்கு ஊர், ஏன் தெருவுக்குத் தெரு மாறும். சில இடங்களில் அது 'கா', சில இடங்களில் 'டூ'. நடைமுறை மட்டும் ஒன்றுதான்: கோபத்துக்கு ஒரு சைகை, கோபம் தீர்ந்ததற்கு இன்னொரு சைகை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தப்பு யாருடையது என்ற தீர்ப்பும் தேவையில்லை. பிரிவுக்குக் காய் என்று பெயர் வைத்தது எந்தக் காலத்துக் குழந்தையோ, கெட்டிக்காரக் குழந்தை. காய் என்று சொன்னபோதே அது பழுக்கும் என்பதும் சொல்லியாகிவிட்டது.

இந்தி பேசும் குழந்தைகள் 'கட்டி' என்கிறார்கள். வங்காளத்தில் பகைத்தால் 'ஆடி', சேர்ந்தால் 'பாப்'. ரஷ்யக் குழந்தைகள் சமாதானமாகும்போது சுண்டுவிரல்களைக் கொக்கிபோல் மாட்டி ஆட்டிக்கொண்டே, இனிச் சண்டை வேண்டாம் என்ற பொருளில் ஓர் எதுகைப் பாட்டைச் சொல்வார்கள். நாம் பிரிவதற்கு நீட்டும் விரலை அவர்கள் சேர்வதற்கு நீட்டுகிறார்கள். இவை எதுவும் பாடப்புத்தகம் வழியாக வந்ததில்லை. எட்டு வயது ஆறு வயதுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவை.

பிள்ளைகளிடம் இரக்கம், மனத்திடம், நாலு பேரோடு பழகும் பக்குவம் ஆகியவற்றை வளர்ப்பது எப்படி என்று பெற்றோர் கூட்டங்களில் பேச்சாளர்கள் விளக்கும்போது, பெரும்பாலும் சண்டையே வராமல் பார்த்துக்கொள்ளும் வழிகளைத்தான் சொல்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் பல வேறு இடத்தைச் சுட்டுகின்றன. காய்க்கும் பழத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறிய பொழுதில்தான் இம்மூன்றும் விளைகின்றன.

1970களில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகர உயிரியல் பூங்காவில் சிம்பன்சிக் கூட்டம் ஒன்றைக் கவனித்துவந்த ஃபிரான்ஸ் டி வால், 1979இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சண்டை போட்ட விலங்குகள் அதன்பின் ஒன்றையொன்று தவிர்க்கும் என்றே அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். அவர் பார்த்ததோ நேர்மாறு. சண்டை ஓய்ந்த சற்று நேரத்தில் எதிராளியைத் தேடிப் போய்த் தொடுகின்றன, முத்தமிடுகின்றன. ஒன்றாக வாழ வேண்டிய உயிர்களுக்கு உறவைப் பழுதுபார்க்கும் வழி தேவைப்படுகிறது. பின்னாளில் இதே கேள்வியோடு பல நாடுகளின் பாலர் பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள், பெரியவர் தலையீடு இல்லாமலேயே குழந்தைகள் ராசியாகிவிடும் வழிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பொம்மையை நீட்டுவது, பக்கத்தில் வந்து உட்காருவது, சிரிப்புக் காட்டுவது.

இது பாலர் பள்ளிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட் டிரானிக் 1970களில் செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தக் காட்சியைக் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பைச் சொல்வதில்லை. நல்ல தாய்க்கும் நலமான குழந்தைக்கும் இடையில்கூட, கொஞ்சும் நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் இருவரும் ஒத்திசைந்து இருக்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் பிசகு. அது பசிக்கு அழ, இவர் தூக்கம் என்று தொட்டிலில் போடுகிறார். பிறகு புரிந்து எடுக்கிறார். பிசகு, பிறகு சரியாதல், மறுபடி பிசகு. உறவு உடைந்தாலும் சேரும் என்ற நம்பிக்கை பேச்சு வருவதற்கு முன்பே அங்கேதான் ஊறுகிறது. எப்போதும் சரியாக நடந்துகொள்ளும் தாய் ஒருத்தி இருந்தால், பாவம், அவள் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியே கிடைக்காது.

இரக்கத்தின் கதையும் ஏறத்தாழ இதுதான். வெளியிலிருந்து ஊற்ற வேண்டிய பண்டமாக அதை நினைக்கிறோம். 2006இல் உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பின் தெரியாத ஆள் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் தவிப்பதுபோல் நடிக்கிறார். கை நிறையப் புத்தகங்களோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார். உதவி கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒரு தடவையாவது தத்தித் தத்திப் போய் உதவினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். உதவிய சில குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பரிசு கொடுத்தார்கள். சிலருக்கு வாயால் பாராட்டு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பரிசு வாங்கிப் பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். தானாக எழுந்த செயலுக்குக் கூலி வைத்ததும் அது வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் குறைந்தது. தம்பிக்குக் கொஞ்சம் கொடு, உனக்குச் சாக்லேட் தருகிறேன் என்று நாம் அன்றாடம் செய்வதும், நற்செயலுக்கு ஒரு நட்சத்திரம் என்று வகுப்புச் சுவரில் பட்டியல் ஒட்டுவதும் இந்த வகைதான். உதவி பெற்றவர் முகம் மலர்வதைக் காட்டிக்கொடுத்தால் போதும்: "பார், பாட்டிக்குக் கண்ணாடி கிடைத்ததும் எவ்வளவு சந்தோஷம்." அந்த முகமே பரிசு. அதில் நட்சத்திரம் ஒட்ட இடமில்லை.

இனித் தெருவுக்கு வருவோம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏக்கம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

கிளித்தட்டோ, கல்லா மண்ணாவோ, கண்ணாமூச்சியோ, ஆட்டம் தொடங்கும் முன் 'சா பூ த்ரீ' போட்டு ஆளைப் பிரிப்போம். யாராவது தன் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருப்பாள். அந்த நாலு வயதுக்கும் ஆட்டத்தில் இடம் வேண்டும், இல்லாவிட்டால் அழுகை. அதற்கு ஒரு பதவி வைத்திருந்தோம்: ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டால் அவுட் கிடையாது. அந்தச் சொல்லில் உடல் குறையைக் குத்தும் முள் ஒன்று இருக்கிறது. இன்று அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஆட்டமும் கெடக் கூடாது, சின்னதும் ஒதுங்கி நிற்கக் கூடாது. பத்து வயதுப் பெரியவர்கள் கூடிக் கண்டுபிடித்த தீர்வு. எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்று இன்று கல்விக் கொள்கைகளில் பக்கம் பக்கமாக எழுதுவதன் தெருப் பதிப்பு இதுதான். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை 'நான் நிஜ ஆள்' என்று சண்டை போடும், பதவி உயரும், வேறொரு குட்டி ஒப்புக்கு வரும்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கோலி விளையாடி, விதி என்றால் அவர்களுக்கு என்ன என்று விசாரித்தவர். 1932இல் வெளிவந்த அவரது நூலின் சாரம் இது: ஐந்தாறு வயதில் விதி என்பது பெரியவர்களோ கடவுளோ வைத்தது, மாற்ற முடியாதது. பத்துப் பதினொன்றில்தான், நாம் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஞானம் வருகிறது. அந்த ஞானத்தைப் பெரியவர்களால் கொடுக்க முடியாது. சமவயதினரோடு மல்லுக்கு நின்றுதான் வாங்க வேண்டும் என்றார் அவர். 'அழுகுணி ஆட்டம் ஆடாதே' என்று ஒரு குழந்தை இன்னொன்றிடம் சொல்லும்போது நடப்பது அந்த மல்லுதான். அழுகுணி ஆடினால் நாளைக்கு ஆட்டைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற ஒரே தண்டனை, எந்த நீதிபோதனை வகுப்பைவிடவும் கூர்மையானது.

இன்று அந்தத் தெருவில் கார்கள் நிற்கின்றன. அடுக்குமாடி வளாகத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை. கிரிக்கெட் பயிற்சிக்குக் காசு கட்டி அனுப்புகிறோம். அங்கே அவுட்டா இல்லையா என்று பயிற்சியாளர் சொல்லிவிடுகிறார், வாதாடும் வேலை மிச்சம். எல்லாரும் ஒரே வயது, ஒப்புக்கு யாருமில்லை. அங்கே பிள்ளைகள் பந்து வீசக் கற்கிறார்கள். தகராறு தீர்க்கக் கற்பதில்லை.

தகராறு வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை 'சாரி சொல்லு' என்பது. தலையைக் குனிந்துகொண்டு, சுவரைப் பார்த்து, 'சாரி'. இதன் மதிப்பு எவ்வளவு என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மரிஸ்ஸா டிரெல்லும் விக்ரம் ஜஸ்வாலும் சோதித்து 2016இல் எழுதினார்கள். ஆறேழு வயதுக் குழந்தைகள் பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கும் தறுவாயில் கூட இருந்தவர் அதைத் தட்டிவிடுகிறார். பிறகு சில குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். சிலரிடம் கேட்கவில்லை, மாறாகத் திரும்பக் கட்ட உதவுகிறார். மன்னிப்பு, தட்டிவிட்டவரை மன்னிக்க உதவியது. ஆனால் குழந்தையின் வருத்தத்தைக் குறைக்கவில்லை. கூட இருந்து கோபுரம் கட்டியவர்தான் வருத்தத்தையும் குறைத்தார்.

ஆக, அண்ணன் தங்கையின் ஓவியத்தைக் கிழித்துவிட்டால், டேப் எடுத்து ஒட்டிக் கொடுக்க அவனை உட்கார வைப்பது ஒரு சாரியைவிடப் பயனுள்ளது. உட்கார வைக்கும்போது சொல்லும் வாக்கியமும் முக்கியம். 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளின் தாய்மாரைத் தொடர்ந்து குறிப்பெடுக்கச் செய்தார்கள். 'நீ இழுத்ததால் அவளுக்கு வலிக்கிறது, பார் அழுகிறாள்' என்று விளைவை உணர்ச்சியோடு சொன்ன தாய்மாரின் குழந்தைகள், செய்த தவறைத் தாமாகச் சரிசெய்ய அதிகம் முயன்றார்கள். 'நீ கெட்ட பையன்' என்பதில் பேச்சு முழுவதும் அவனைப் பற்றியே இருக்கிறது. அழுகிறவளை யாரும் பார்க்கவில்லை.

மனத்திடத்துக்கு வருகிறேன். மீள்திறன் என்றும் இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. 'பொறுத்துக்கொள்', 'தாங்கிக்கொள்' என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதிலிருந்து அது விலகி நிற்கிறது. தாங்குவது வேறு, மீள்வது வேறு.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி ஹவாயின் கவாய் தீவிலிருந்து வந்தது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்கள் கருவில் இருந்த காலத்திலிருந்து நாற்பது வயதுவரை தொடர்ந்தார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டங்களை நம்பிய குடும்பங்கள். வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் மூன்றில் இருவருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கல் வந்தது. மீதி ஒருவர் நன்றாகவே வளர்ந்தார். எப்படி? திரும்பத் திரும்பத் தென்பட்டது, கைவிடாத ஒரு பெரியவர். அவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, மாமா, ஆசிரியர், பக்கத்து வீட்டு அக்காள், யாராவது ஒருவர். திடம் என்பது குழந்தையின் நெஞ்சுக்குள் பிறவியிலேயே வைத்துத் தைத்த உலோகம் என்ற எண்ணத்துக்கு இந்தத் தீவு நல்ல மறுப்பு. இன்னொன்றும் கண்டார்கள்: பதினெட்டு வயதில் தடம் புரண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். படிப்பைத் தொடர ஒரு வாய்ப்பு, நிலையான மணவாழ்க்கை, ஒரு வேலை. பழுக்கச் சில காய்களுக்கு இருபது ஆண்டு ஆகிறது.

திடமாக வளர்ந்த அந்தக் கவாய்க் குழந்தைகளில் பலர் வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரு பொறுப்பைச் சுமந்தவர்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது போன்றவை. பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் தம்பதியர் 1975இல் வெளியிட்ட ஆறு பண்பாடுகள் குறித்த ஆய்விலும் இதே சங்கதி வருகிறது. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, வட இந்தியாவின் காலாப்பூர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து என்று ஆறு இடங்களில் பார்த்தபோது, குடும்ப வேலையில் பங்கெடுத்த, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னே நின்றார்கள். படிப்பு மட்டுமே வேலையாக இருந்த அமெரிக்கப் பிள்ளைகள் பின்னே. இதைப் படித்து உடனே மகளிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட வேண்டாம். நம் வீடுகளில் அந்தப் பாடம் ஒரு பாலுக்கு மட்டும் நடத்தப்பட்டு, பல பெண்பிள்ளைகளின் பள்ளிப் படிப்பையே விழுங்கியிருக்கிறது. பாடம் தேவைப்படுவது சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழும் மகனுக்கு.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஆபத்தானது. காயும் பழமும் சமமானவர்களுக்கு நடுவில்தான் செல்லும். ஒருவன் மட்டும் எப்போதும் அடிவாங்குகிறான், சுற்றி நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் அதற்குச் சண்டை என்று பெயரில்லை. அங்கே போய் 'இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் சொன்னால் அடிவாங்குகிறவனுக்கு இரண்டாவது அடி. ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவாலி 1996இல் காட்டியது இது: வகுப்பறை வதையில் இருவர் மட்டும் இல்லை, கூடச் சேர்ந்துகொள்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், விலகி நிற்பவர், தடுக்க வருபவர் என்று வகுப்பு முழுவதுமே அதில் பங்கெடுக்கிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் அவர் குழு உருவாக்கிய 'கிவா' என்ற வதைத் தடுப்புத் திட்டம் பார்த்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் குறிவைத்தது. சிரிப்பவர்கள் சிரிக்காவிட்டால் வதைப்பவனுக்கு மேடை இல்லை.

நம் பள்ளிகளில் அந்தச் சமமின்மைக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்கள் குறித்துப் புகார் சொன்ன பட்டியல் சாதி மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்தே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவது, அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள். குழந்தை வளர்ப்பு நூல்களில் இந்த அத்தியாயம் இருக்காது. ஆனால் எந்தப் பிள்ளையோடு சேரக் கூடாது என்று வீட்டுக் கூடத்தில் காதில் விழும் ஒரு வாக்கியம், இரக்கம் பற்றிப் பள்ளியில் நடக்கும் நூறு வகுப்புகளை அழித்துவிடும். ஒப்புக்குக்கூட ஆட்டையில் சேர்க்கப்படாத பிள்ளைகள் அந்த வாக்கியத்தால்தான் உருவானார்கள்.

கடைசியாகப் பெரியவர்கள். நம் வீடுகளில் அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. வேறொரு வழக்கம் உண்டு. திட்டித் தீர்த்து, பிள்ளை மூலையில் அழுதுகொண்டு கிடக்க, ஒரு மணி நேரம் கழித்து அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "சாப்பிட வா." தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் கூடுதலாக இருக்கும். பேச்சில்லாத பழம் அது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். பல தலைமுறைகள் அந்த நெய்யில்தான் பிழைத்தன. குறை ஒன்று உண்டு. திட்டியது சரியா தவறா என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. சோறு போட்ட கையாலேயே, "அலுவலகக் கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன், அது உன் தப்பில்லை" என்று ஒரு வாக்கியம் சேர்த்துப் பரிமாறலாம். முதல் தடவை நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை. எப்படியோ சொல்லி முடித்ததும், என் மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு அப்பளம் கொடுங்கள்" என்றாள்.